கருக்கலைப்புக்குப் பிறகு தொற்று வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

மழைத்துளி:
ஒன்பது வாரக் கரு. வியாழக்கிழமை உறிஞ்சி எடுத்தார்கள், சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டாக்ஸிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், போட்டாலே குமட்டுகிறது. நிறுத்திவிடலாமா? மாமியார் வேறு, வேப்பிலை மஞ்சள் கொதிக்கவைத்து அதில் நாலு சொட்டு டெட்டால் விட்டு உள்ளே கழுவச் சொல்கிறார்.

பழைய நர்ஸ்:
கழுவவே கழுவாதேம்மா. கர்ப்பப்பை வாய் இன்னும் சரியாக மூடியிருக்காது, தண்ணீரை உள்ளே அடித்தால் கிருமியை நீயே மேலே ஏற்றிவிடுவாய். வெளியே மட்டும் வெறும் தண்ணீர், முன்னாலிருந்து பின்னால். தலைக்குக் குளிக்கலாம், குளம் கிணறு மட்டும் கொஞ்ச நாள் வேண்டாம். நாப்கினை நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்று, டாம்பன் கப் எதுவும் உள்ளே வைக்காதே. மாத்திரையைச் சொன்ன நாள் வரைக்கும் முடித்தாக வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டத்தான் செய்யும், ரெண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கு, அரை மணி நேரம் படுக்காதே. வாந்தியில் மாத்திரையே வெளியே வந்தால் டாக்டரிடம் சொல், மாற்றித் தருவார். அப்புறம், இரும்புச்சத்து மாத்திரையும் தந்திருந்தால் ரெண்டையும் சேர்த்துப் போடாதே, டாக்ஸிசைக்ளின் உடம்பில் சரியாக ஏறாது. நடுவில் ரெண்டு மூணு மணி நேரம் விடு.

கோவைக்காரி:
என் கதையைச் சொல்கிறேன். மூன்றாம் நாள் காய்ச்சல், அலைச்சல் என்று நினைத்துப் பாராசிட்டமால் போட்டு அமுக்கிக்கொண்டே இருந்தேன். ஐந்தாம் நாள் நாப்கினில் அழுகின மீன் வாடை, அடிவயிற்றைத் தொட முடியவில்லை. ஸ்கேனில் பார்த்தால் உள்ளே கொஞ்சம் தங்கியிருக்கிறது, திரும்பவும் சுத்தம் செய்தார்கள். தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டினாலோ, வாடை வந்தாலோ, ஒரு மணி நேரத்தில் ரெண்டு நாப்கின் என்று ரெண்டு மணி நேரம் தொடர்ந்து நனைந்தாலோ ராத்திரி என்றாலும் கிளம்பிவிடுங்கள்.

தேன்மொழி:
வேறு ஆஸ்பத்திரிக்குப் போகக் கூசினால் ஒன்று: கருக்கலைப்பு இந்தியாவில் 1971ஆம் வருடச் சட்டப்படி நடப்பதுதான், செய்துகொண்டவர் விவரத்தை டாக்டர் கண்டவரிடம் சொன்னால் தண்டனை என்று 2021 திருத்தத்தில் எழுதியே இருக்கிறது. உடலுறவும் ரெண்டு வாரம் தள்ளிப் போடுங்கள். அடுத்த மாதவிலக்குக்கு முன்பே மறுபடி கரு தரிக்கலாம், அதையும் டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

மழைத்துளி:
நர்ஸ் அக்கா எழுதியதை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன், முணுமுணுத்தார், ஆனால் அண்டாவை இறக்கிவிட்டார். இட்லியோடு போட்டதில் இன்று குமட்டல் குறைவு. தெர்மாமீட்டர் வாங்க வீட்டுக்காரரை அனுப்பியிருக்கிறேன்.