மறு: சவர்டோ ‘ஸ்டார்ட்டர்’ – தமிழில் என்ன?

அன்பர்களுக்கு வணக்கம். கடை ஈஸ்ட் இல்லாமல், புளித்த மாவாலேயே பொங்கவைத்துச் சுடும் ரொட்டி சவர்டோ. அதைப் பொங்கவைக்கும் புளித்த மாவுக் கலவையான ‘ஸ்டார்ட்டரு’க்கு இந்தக் குழுவில் வந்த பெயர்களைப் பற்றி என் கருத்து இது.

> ‘புளிமா’ என்றே வைத்துவிடலாமே, கச்சிதமாக இருக்கிறது.

வேண்டாம் ஐயா. தேமா, புளிமா என்று சீர் பிரித்துப் பழகியவர்கள் இந்தக் குழுவில் பாதிப்பேர். ரொட்டிக்குத் தளை தட்டும். விளையாட்டு போகட்டும். ‘புளித்த மா’ விவிலியத் தமிழில் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் அது மாவின் நிலையைச் சொல்கிறதே தவிர வேலையைச் சொல்லவில்லை. நாம் பெயர் தேடுவது, ஜாடியில் உயிரோடு வைத்து, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மிச்சத்தை வளர்க்கிறோமே, அதற்கு.

1897–98இல் கனடாவின் வடமேற்கிலுள்ள குளோண்டைக்குக்குத் தங்கம் தேடிப் போனவர்களைப் பாருங்கள். ஏறத்தாழ ஒரு டன் சரக்கு கையில் இல்லாதவரைச் சில்கூட் கணவாயில் கனடா காவலர் உள்ளே விடவில்லை. அதில் மூட்டை மூட்டையாகக் கோதுமை மாவு. கடை ஈஸ்டை அங்கே நம்ப முடியாது. புளித்த மாவைப் பையில் கட்டி, குளிரில் விறைத்துவிடாமல் உடம்போடு அணைத்து வைத்துக்கொண்டார்கள். வடக்கே ஒரு குளிர்காலத்தைத் தாக்குப்பிடித்த ஆளுக்கே ‘சவர்டோ’ என்று பட்டப்பெயர் விழுந்தது.

> ‘உறைமா’?

இதற்கும் அதே குளிர்தான் இடைஞ்சல். உறைமோர் தெரிந்தவருக்குப் புரியும். மற்றவர் ஃப்ரீசரில் வைத்த மாவு என்பார். ‘பிரை’யில் அந்தக் குழப்பமில்லை. பாலுக்குப் பிரை ஊற்றுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. நேற்றைய தயிரில் ஒரு கரண்டி இன்றைய பாலுக்கு என்ற தொடர்ச்சி அந்தச் சொல்லிலேயே உண்டு. ஆகவே என் பரிந்துரை ‘மாப்பிரை’. இட்லி மாவில் சொல் தேடிப் பயனில்லை. அது உளுந்தோடும் அரிசியோடும் வரும் நுண்ணுயிரால் தானே பொங்குவது, பிரை கேட்பதில்லை.

இன்னொரு சொல்லும் வேண்டும். புதிதாக மாப்பிரை தொடங்க மாவும் தண்ணீரும் சம எடையில் கலந்து வைத்தால் இரண்டாம் நாள் வாக்கிலேயே நுரைத்து ஏறும். ஈஸ்ட் வந்துவிட்டது என்று நம்பி ரொட்டி சுட்டால் செங்கல்தான். அந்த நுரை பெரும்பாலும் லூக்கனோஸ்டாக் போன்ற பாக்டீரியாவின் கைவரிசை (இட்லியை உப்பவைப்பதும் இந்த இனம்தான்). பிறகு சில நாள் அசைவே இருக்காது. புளிப்பு ஏறி அவை அடங்கிய பின்புதான் காட்டு ஈஸ்ட் தலைதூக்கும். செத்துவிட்டது என்று பலர் கொட்டிவிடுவது இந்த இடைவெளியில்தான். அந்த முதல் நுரைக்குப் ‘பொய்ப்பொங்கு’ சரிவருமா?

ஈஸ்டுக்கு இலங்கைப் பாடநூல்களின் ‘மதுவம்’ போதும். ‘நொதி’யை இழுக்க வேண்டாம், அது என்சைமுக்குப் போய்விட்டது. அங்கே ரொட்டிக்குப் ‘பாண்’ என்று பெயர். அங்குள்ள நண்பர்கள் இந்த ரொட்டியைப் ‘பிரைப்பாண்’ என்றால் எனக்குச் சம்மதமே.

மாப்பிரைக்குப் புது மாவும் தண்ணீரும் ஊட்டும்போது எடுத்து ஒதுக்கும் பங்கை இப்போதைக்குக் ‘கழிமா’ என்று குறித்திருக்கிறேன். வெங்காயமும் பச்சை மிளகாயும் அரிந்து போட்டுத் தோசைக்கல்லில் ஊற்றினால் மொறுமொறுவென்று வருகிற ஒன்றை அப்படிச் சொல்ல மனசு வரவில்லை. மாற்று இருந்தால் எழுதுங்கள்.