பதில்: காஸ்மிக் வாய்ட் – வெற்றிடமா, பொட்டலா?

வணக்கம் ஐயா. பேரடைகள் (நம் பால்வீதி போன்ற விண்மீன் பெருந்தொகுதிகள்) மிக அரிதாகவே உள்ள பரந்த விண்வெளிப் பகுதிதான் காஸ்மிக் வாய்ட். அதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சில் நீங்கள் எழுதியது:

> வெற்றிடம் என்றே வைத்துக்கொள்ளலாம். தனித்த பேரடை என்றாலும் வெற்றிடப் பேரடை என்றாலும் ஒன்றுதானே, இரண்டு சொல் எதற்கு?

இரண்டாவதை முதலில் பார்த்துவிடுவோம். வாய்டுக்குள் இருப்பது இருப்பிடத்தைப் பற்றியது. தனித்திருப்பது அக்கம்பக்கத்தைப் பற்றியது. வி.ஜி.எஸ். 31 என்ற பேரடைத் தொகுதி வாய்டுக்குள்தான் கிடக்கிறது. ஆனால் அது மூன்று பேரடைகள்: ஒரே வரிசையில், ஏறத்தாழ 4 லட்சம் ஒளியாண்டு நீளமுள்ள ஹைட்ரஜன் போர்வைக்குள். இதைத் தனித்தது என்று எப்படிச் சொல்வது?

மறுபக்கம், 1973இல் வானியலாளர் கராச்சென்ட்சேவா வெளியிட்ட தனித்த பேரடைப் பட்டியலின் விதியைப் பாருங்கள். ஒரு பேரடையின் விட்டத்தில் கால் பங்கு முதல் நான்கு மடங்கு வரை உள்ள எந்த அண்டைப் பேரடையும், அந்த அண்டையின் விட்டத்தைப் போல் 20 மடங்கு தூரத்துக்குள் தெரியக் கூடாது. அவ்வளவுதான், வாய்டு என்ற பேச்சே இல்லை. படத்தில் அளந்த தூரம் என்பதால், பல கோடி ஒளியாண்டு பின்னால் நிற்பதும் பக்கத்து வீடு போலத் தெரியும். செம்பெயர்ச்சி (ஒளி சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கும் அளவு, தூரத்தைக் காட்டுவது) எடுத்தால்தான் குட்டு உடையும். (பட்டியலின் 781ஆம் எண் பேரடையே இல்லை, உருண்டை விண்மீன் கொத்து!)

இனி வெற்றிடம். பள்ளிப் பிள்ளைக்கு அது காற்றை உறிஞ்சிய குடுவை. வாய்டோ, சராசரி அடர்த்தியில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு உள்ள இடம். சுவாதி மின்னும் ஆயன் விண்மீன் மண்டலத் திசையில் 1981இல் கண்ட வாய்டு சுமார் 30 கோடி ஒளியாண்டு அகலம். அதற்குள்ளும் அறுபது போலப் பேரடைகள் அகப்பட்டிருக்கின்றன. திருமங்கலம் தாண்டினால் பொட்டல் வரும், நடுவே ஒரு உடைமரம் நிற்கும். அதை யாரும் வெற்றிடம் என்பதில்லை. ஆகவே: அண்டப் பொட்டல், பொட்டல் பேரடை, பொட்டலுள் பொட்டல்.

---

> அண்டப் பொட்டல்

காதுக்கு நன்றாக இருக்கிறது அண்ணே. ஆனால் பொட்டல் என்றால் ஒன்றும் விளையாது. அங்குள்ள பேரடைகளோ பெரும்பாலும் நீலம், வாயு மிகுந்தவை, இன்னும் விண்மீன் ஈனுபவை. பேரடைக் கொத்துக்குள் பாய்பவைதான் கொதிவாயுவின் எதிர்காற்றில் தம் வாயுவைப் பறிகொடுத்துச் சிவந்துபோகின்றன. சொல் தலைகீழாகப் பொருள் தராதா?

---

பொட்டல் நிலத்துக்குப் பெயர், மரத்துக்கு அல்ல தம்பி. உடைமரம் பச்சையாகத்தான் நிற்கிறது, வளர்ச்சிதான் மெதுவு. ஸ்லோன் வானளவீட்டின் (SDSS) நிறமாலைகளை வைத்து 2023இல் வந்த ஆய்வும் அதையே சொல்கிறது: பொட்டல் பேரடைகள் சராசரியாகத் தாமதமாகவே விண்மீன் நிறையைச் சேர்க்கின்றன. மோதல் குறைவு, வாயு வரத்தும் சன்னம். நமக்குப் பக்கத்துப் பொட்டலில் உள்ள கே.கே. 246 சிறு பேரடைதான். அதன் ஹைட்ரஜன் தட்டு, கண்ணுக்குத் தெரியும் பகுதியைப் போல் ஐந்து மடங்கு விரிந்து கிடக்கிறது. உடுத்தத் துணி இருக்கிறது, தைக்க ஆளில்லை.

பொட்டலுக்குள் ஓடும் மெல்லிய இழைகளுக்கு 'வரத்துக்கால்' என்று ஒருவர் தனி மடலில் கேட்டிருந்தார். கண்மாய்க்காரர்களுக்கு உடனே விளங்கும், எடுத்துக்கொள்ளலாம். பொட்டலைச் சுற்றிய சுவருக்கு 'வரப்பு' மட்டும் வேண்டாம். வரப்பு தண்ணீரைத் தடுத்து உள்ளே நிறுத்தும். இங்கே நடப்பது நேர்மாறு: பொட்டல் விரிய விரிய உள்ளிருக்கும் பொருள் வெளியே வழிந்து சுவரில் சேர்கிறது. அது சுவராகவே இருக்கட்டும்.