மூன்றாவது மாதம், வீட்டில் பூனை இருக்கிறது: விட்டுவிடத்தான் வேண்டுமா?

கேள்வி:
மதுரையில் மாடி வீட்டில் இருக்கிறோம். நான்கு வயதுப் பெண் பூனை, வெளியே போகாது. எனக்கு இப்போது மூன்றாவது மாதம். "பூனை முடி வயிற்றுக்குள் போனால் பிள்ளைக்கு ஆகாது, எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடு" என்று மாமியார் தினமும் சொல்கிறார். டாக்டரிடம் கேட்டேன், "ஜாக்கிரதையாக இருங்கள்" என்றதோடு முடித்துவிட்டார். எதில் ஜாக்கிரதை? வேகவைத்த மத்தி மீனும் சாதமும் கடைத் தீனியும்தான் அதற்குச் சாப்பாடு. மணல் பெட்டியை நான்தான் அள்ளுகிறேன். ராத்திரி என் காலடியில்தான் படுக்கும். குட்டியிலிருந்து வளர்த்தது, தெருவில் விட மனசு வரவில்லை.

பதில் (கால்நடை மருத்துவர்):
விட வேண்டாம் அம்மா. டாக்டர் மனதில் வைத்துச் சொன்னது டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியை. அது முடியில் இல்லை, மலத்தில் இருக்கிறது. எலியையோ பச்சை இறைச்சியையோ தின்று முதன்முறை தொற்றும்போது, பெரும்பாலான பூனைகள் ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரை மலத்தில் அதன் முட்டைகளை வெளியேற்றும். பிறகு பொதுவாக நின்றுவிடும். வேட்டையாடாமல், வெந்ததையே தின்னும் உங்கள் பூனையிடம் ஆபத்து மிகக் குறைவு.

வெளியே வந்த முட்டை தொற்றும் நிலைக்கு வர 1 முதல் 5 நாள் ஆகும். அதனால் பெட்டியைத் தினமும் அள்ள வேண்டும், அந்த வேலையைக் கணவர் எடுத்துக்கொள்ள வேண்டும். உதவிக்கு ஆள் இல்லாத நாளில் கையுறை போட்டுக்கொண்டு அள்ளி, சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பினாயிலை நம்பாதீர்கள். இந்த முட்டை அதற்கெல்லாம் எளிதில் சாகாது, பூனைக்குத்தான் அது விஷம். காலிப் பெட்டியில் கொதிக்கும் வெந்நீரை ஊற்றிச் சில நிமிடம் வைத்துக் கழுவலாம்.

பதில் (இரண்டு பூனைகளோடு பிள்ளை பெற்றவள்):
தங்கச்சி, பூனையைப் பார்த்துப் பயப்படுகிற வீட்டில் அடுப்பை யாரும் பார்ப்பதில்லை. அரைவேக்காட்டு மட்டனிலிருந்தும் இது வரும், கழுவாத கீரையிலிருந்தும் வரும். உள்ளே சிவப்பு தெரியாத அளவுக்குக் கறி வேகட்டும். பச்சைக் கறி வெட்டிய பலகையில் அப்படியே வெள்ளரிக்காய் நறுக்காதே. காய்ச்சாத ஆட்டுப் பாலும் வேண்டாம். மாடித் தொட்டியில் மண் கிளறினால் கையுறை போடு. தெருவில் வீடு கட்டக் கொட்டிய மணல் குவியல்தான் தெருப் பூனைகளுக்குக் கழிப்பறை, அதில் கை வைக்காதே. பிரசவம் வரை புதுக் குட்டி எதையும் வீட்டுக்குள் சேர்க்காதே.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. டாக்ஸோபிளாஸ்மாவுக்கான ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. இரண்டு வகை எதிர்ப்புப் பொருளைப் பார்த்திருக்கிறார்கள்: ஐஜிஜி பாசிட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ். பாசிட்டிவ் என்றதும் மாமியார் அழ ஆரம்பித்துவிட்டார்.

பதில் (கால்நடை மருத்துவர்):
அவரை முதலில் சமாதானப்படுத்துங்கள். இந்த இரண்டும் இப்படிச் சேர்ந்து வந்தால், பெரும்பாலும் கர்ப்பத்துக்கு முன்பே எப்போதோ தொற்று வந்து போயிருக்கிறது, உடம்பில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது என்று அர்த்தம். கர்ப்ப காலத்தில் புதிதாகத் தொற்றுவதுதான் குழந்தைக்கு ஆபத்து. புதுத் தொற்றில் முதலில் தோன்றும் ஐஜிஎம் பாசிட்டிவாக இருந்தாலும் உடனே கலங்க வேண்டியதில்லை. அது பல மாதம் இரத்தத்தில் தங்கும், எப்போது தொற்றியது என்று கணிக்க அவிடிட்டி என்ற பரிசோதனை இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. ரிப்போர்ட்டை உங்கள் டாக்டரிடம் காட்டி அவர் வாயால் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் நான் அதிகம் அஞ்சுவது ரேபிஸை. பூனைக்கு வருடாந்திரத் தடுப்பூசி போட்டாயிற்றா? தெருப் பூனை கடித்தாலோ பிராண்டினாலோ சோப்பும் ஓடும் தண்ணீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கர்ப்பிணிகளும் அந்த ஊசியைப் போட்டுக்கொள்ளலாம், போட்டே ஆக வேண்டும்.

கேட்டவர்:
ஊசி போன மாதம்தான் போட்டோம். காலையில் ஆபீஸ் கிளம்பும் முன் பெட்டியை அவர் அள்ளிவிடுகிறார். பிள்ளை பிறந்த பிறகு தொட்டிலில் ஏறிப் படுத்தால் என்ன செய்வது?

பதில் (இரண்டு பூனைகளோடு பிள்ளை பெற்றவள்):
தொட்டிலை இப்போதே கட்டிவிடு, பூனைக்குப் பழகட்டும். ஏறினால் ஒவ்வொரு தடவையும் இறக்கிவிடு. பிள்ளை வந்ததும் கொசுவலை போடு, ஆனால் வலையை நம்பி இரண்டையும் தனியே விடாதே. பிள்ளை தூங்கும்போது பக்கத்தில் யாரும் இல்லையென்றால் அறைக் கதவைச் சாத்திவிடு.