பத்தாயிரத்துக்குள் ஏர் ரைஃபிள்: எதைப் பார்த்து வாங்குவது?

தோப்புக்காரர்

வணக்கம். திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமம். மகள் ஒன்பதாவது படிக்கிறாள், என்.சி.சி.யில் இருக்கிறாள். முகாமில் .22 ரைஃபிள் சுட்டுவிட்டு வந்ததிலிருந்து அதே பேச்சுதான். வீட்டுக்குப் பின்னால் தென்னந்தோப்பு இருக்கிறது, பத்துப் பதினைந்து மீட்டர் இடம் தாராளமாகக் கிடைக்கும். அதனால் குழலை மடக்கி லோடு செய்யும் ஏர் ரைஃபிள் ஒன்று வாங்கித் தரலாம் என்று யோசனை. குண்டு, குறி பார்த்துச் சுடும் அட்டை எல்லாம் சேர்த்துப் பத்தாயிரத்துக்குள் முடிய வேண்டும்.

டவுனில் ஒரு கடைக்குப் போனேன். ஒரு பெட்டியில் நொடிக்கு 1200 அடி வேகம் என்று போட்டிருந்தது, இன்னொன்றில் 700 சொச்சம். விலை கிட்டத்தட்ட ஒன்றுதான், அப்புறம் ஏன் வேகம் குறைந்ததை வாங்க வேண்டும் என்று கடைக்காரர் கேட்கிறார். .22 ஏர் ரைஃபிளும் இருக்கிறது, லைசென்ஸ் எல்லாம் யாரும் கேட்க மாட்டார்கள் என்கிறார். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் பழைய நேஷனல் 35 ஏர் ரைஃபிள் வைத்திருக்கிறார், நாலாயிரத்துக்குத் தருகிறேன் என்கிறார். கூடவே குறி பார்க்கும் தொலைநோக்கி, அதுதான் ஸ்கோப், ஒன்றும் போட வேண்டுமா? தோப்பில் குரங்கும் மயிலும் கொடுக்கிற தொல்லை கொஞ்சநஞ்சமில்லை, அதையும் இதை வைத்து விரட்டிக்கொள்ளலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பத்து மீட்டர்

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடைக்காரர் சொன்னது தப்பு. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி குழல் அளவு .177, அதாவது 4.5 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, குழல் வாயில் குண்டின் ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டக் கூடாது. இரண்டும் எல்லைக்குள் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம். ஒன்று தாண்டினாலும் லைசென்ஸ் வேண்டும். .22 என்றால் 5.5 மி.மீ., ஆகவே அது ஏர் ரைஃபிளாகவே இருந்தாலும் லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்க முடியாது. யாரும் கேட்க மாட்டார்கள் என்று விற்கிறவர், நாளைக்குக் கேள்வி வந்தால் உங்கள் பக்கத்தில் வந்து நிற்கப்போவதில்லை. .177 மட்டும் வாங்குங்கள். பில் உங்கள் பேரில் இருக்கட்டும், அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் கொண்டுபோங்கள், அவற்றை வாங்கிப் பதிவு செய்யாமல் கொடுக்கிற கடையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போது அந்த 1200 விவகாரம். கணக்கு எளிதுதான். குண்டின் எடையை கிரெய்ன் என்ற சின்ன எடை அளவில் எடுத்து, வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, 450240ஆல் வகுத்தால் ஆற்றல் அடி-பவுண்டு கணக்கில் வரும், அதை 1.356ஆல் பெருக்கினால் ஜூல். சாதாரண 8 கிரெய்ன் ஈயக் குண்டு 700 அடி வேகத்தில் போனால் சுமார் 12 ஜூல், நிம்மதியான கணக்கு. அதே குண்டு 910 அடியைத் தொடும்போதே 20 ஜூல் ஆகிவிடுகிறது. 1200 என்றால் 34க்கு மேல். அட, லேசான 5 கிரெய்ன் அலாய் குண்டு போட்டு 1200 காட்டினாலும் 21 ஜூல் அளவைத் தாண்டுகிறது. ஆகப் பெட்டியில் போட்டிருப்பது நிஜமென்றால் அந்த ரைஃபிள் எல்லைக்கு வெளியே நிற்கிறது, நிஜமில்லையென்றால் பெட்டியில் பொய் அச்சடித்திருக்கிறார்கள். இரண்டில் எதுவானாலும் அதற்குக் காசு கொடுக்கக் கூடாது.

அதோடு, வேகம் அட்டையில் பாயின்ட் வாங்கித் தராது. ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1125 அடி. அதை ஒட்டிப் போகும் குண்டு தள்ளாட ஆரம்பித்து சிதறிப் படும். ஒலிம்பிக்கில் 10 மீட்டரில் சுடுகிறார்களே, 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கிய அதே போட்டி, அந்த ரைஃபிள்களே 570 அடி வாக்கில்தான் அனுப்பும். அங்கே எல்லாமே குழலும் டிரிகரும்தான். உங்கள் பட்ஜெட்டிலும் அதையே பாருங்கள். வேகம் 600 முதல் 750 வரை இருக்கட்டும், குழல் ஆட்டமில்லாமல் மூடட்டும், டிரிகர் சீராக விடட்டும். நம் நாட்டுத் தயாரிப்பில் பிரிசிஹோல் என்.எக்ஸ்.100 வகையிலிருந்து தேட ஆரம்பியுங்கள். ஒரே மாடலில் நாலைந்து பீஸ் கடையில் இருந்தால் எடுத்து ஒவ்வொன்றையும் மடக்கிப் பாருங்கள், பீஸுக்குப் பீஸ் மாறும்.

குரங்கு, மயில் பேச்சை இத்தோடு விட்டுவிடுங்கள், தயவுசெய்து. மயில் தேசியப் பறவை, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், இந்தக் குண்டு குரங்கைக் கொல்லாது, உடம்புக்குள் தங்கிப் புழுத்து நாள் கணக்கில் வதைக்கும். அருணாசலப் பிரதேசத்தில் 2021இல் ஏர் கன்னைத் திருப்பி ஒப்படையுங்கள் என்று ஓர் இயக்கமே தொடங்கினார்கள், காட்டில் பறவைச் சத்தமே குறைந்துபோன கவலையில். உங்கள் மகள் கையில் முதன்முதலில் ஒரு ரைஃபிளைக் கொடுக்கிறீர்கள். அவள் அதை அட்டைக்கு மட்டும் என்று பழகட்டும்.

பழைய ஃபிட்டர்

நேஷனல் 35 பற்றி நான் சொல்கிறேன், அகமதாபாத்தில் தயாரான அந்த ரைஃபிள்கள் நிறைய என் கைக்கு வந்திருக்கின்றன. நல்ல இரும்பு, நல்ல குழல். ஆனால் அந்தக் காலத்து ரைஃபிளில் வயது கேட்காமல் வாங்க முடியாது, அதனால் நேரில் போய்ப் பாருங்கள்.

குழலைப் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். கொஞ்சம்கூட ஆடக் கூடாது. ஆடினால் முதலில் இணைப்பு போல்ட்டை முடுக்கிப் பாருங்கள், முடுக்கியும் ஆடினால் வேண்டாம். மடக்கும்போது ஸ்பிரிங் கரகரவென்று சத்தம் போடுகிறதா, நடுவில் எங்காவது இடறுகிறதா, காது கொடுத்துக் கேளுங்கள். ஸ்பிரிங் உடைந்திருந்தாலும் பல நேரம் ரைஃபிள் சுடும், ஆனால் மடக்கும்போதே கை சொல்லிவிடும். அடுத்து, டிஷ்யூ பேப்பரை மெலிதாகக் கிழித்துக் குழல் மூடுகிற இடத்தின் மேல் வைத்துவிட்டு, குண்டு போட்டு, அட்டையைப் பார்த்து ஒரு முறை சுடுங்கள். பேப்பர் தூக்கியடித்தால் அங்கே வாஷர் வழியாகக் காற்று போகிறது. அது சின்ன வேலை, வாஷரை மாற்றினால் சரியாகிவிடும், அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம்.

உள்ளே ஸ்பிரிங் தள்ளிக் காற்றை அழுத்தும் பிஸ்டனில் தோல் வாஷர் இருக்கும். வருஷக்கணக்கில் சும்மா கிடந்த ரைஃபிள் என்றால் அது காய்ந்து விறைத்திருக்கும். அதற்கு ஏர் கன் எண்ணெய் ஒன்றிரண்டு சொட்டு போதும், துப்பாக்கியை நிமிர்த்திவைத்து ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். தயவுசெய்து தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ ஊற்றிவிடாதீர்கள். பிஸ்டன் பாயும் வேகத்தில் காற்று கொதித்து, எண்ணெய் டீசல் இன்ஜினில் பற்றுவதுபோல் உள்ளே பற்றும். புகையோடு பட்டாசுச் சத்தம் வரும், பார்க்கிறவர் பவர் ஏறிவிட்டது என்று சந்தோஷப்படுவார், உள்ளே ஸ்பிரிங்கும் வாஷரும் போய்க்கொண்டிருக்கும். புது ரைஃபிளில் இப்போது பிளாஸ்டிக் வகை சீல்தான், அதற்கு எண்ணெய் அனேகமாகத் தேவையே இல்லை.

கை விஷயத்தை எல்லோரும் முதல் நாளே மனசில் போட்டுக்கொள்ளுங்கள். குழல் மடங்கித் திறந்திருக்கும்போது ஸ்பிரிங் முழு இறுக்கத்தில் நிற்கிறது. அந்த நேரத்தில் டிரிகர் விட்டால் குழல் படாரென்று மேலே அடித்து மூடும், நடுவில் இருக்கும் விரல் போய்விடும். குண்டு வைக்கும்போது மற்ற கை குழலைப் பிடித்தபடியே இருக்க வேண்டும், டிரிகர் பக்கம் விரல் போகவே கூடாது. குண்டு போடாமல் சும்மா சுடுவதும் வேண்டாம். எதிரே காற்று அடைபடாமல் பிஸ்டன் நேரே போய் உலோகத்தில் மோதும்.

குறிமுள்

அண்ணா, நான் ரைஃபிள் கிளப்பில் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள். மேலே சொன்னவர்கள் துப்பாக்கியைச் சொல்லிவிட்டார்கள், நான் உங்கள் மகளைப் பற்றிச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குப் பவர் அதிகமான ரைஃபிளை வாங்கிக் கொடுத்தால் பத்துத் தடவை மடக்குவதற்குள் தோள் சோர்ந்துபோகும், அப்புறம் குறி எங்கே நிற்கும்? கடைக்கு அவளையும் கூட்டிப்போங்கள். அவளே மடக்கிப் பார்க்கட்டும், தோளில் வைத்துப் பார்க்கட்டும். தோளில் வைக்கும் கட்டை நீளமாக இருந்தால் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்ப்பாள், அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் மாற்றுவது பெரும்பாடு.

என்.சி.சி.யில் .22 சுட்டிருக்கிறாள் என்றால் ரைஃபிளை இறுக்கித் தோளில் அணைத்துப் பிடிக்கச் சொல்லியிருப்பார்கள். ஸ்பிரிங் ரைஃபிளில் அதையே செய்தால் குண்டு இஷ்டத்துக்குப் போகும். காரணம் இதுதான்: டிரிகரை விட்டவுடன் பிஸ்டன் முன்னே பாய்கிறது, ரைஃபிள் பின்னே உதைக்கிறது. பிஸ்டன் காற்றில் முட்டி நிற்கும்போது ரைஃபிள் முன்னே இழுக்கிறது. இவ்வளவும் குண்டு குழலை விட்டு வெளியே வருவதற்கு முன்பே நடந்து முடிகிறது. அதனால் முன்கட்டை விரித்த உள்ளங்கையில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், விரல்கள் சுற்றிப் பிடிக்கக் கூடாது, தோளிலும் லேசாகத் தொட்டால் போதும். ஒவ்வொரு முறையும் உள்ளங்கை ஒரே இடத்தில் இருக்க வேண்டும், கட்டையில் ஒரு துண்டு டேப் ஒட்டிக் குறித்துவையுங்கள். மேசை விளிம்பில் நேரே சாய்த்துவைத்துச் சுட்டுவிட்டு ரைஃபிள் சரியில்லை என்று திருப்பிக் கொடுப்பவர்கள் நிறைய. பத்து மீட்டரில் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் ஐந்து குண்டு விழ ஆரம்பித்ததும் பிள்ளை முகத்தைப் பாருங்கள், அதற்கு மேல் நீங்கள் ஒன்றும் சொல்லவே வேண்டாம்.

அட்டை விஷயத்தில் ஒரு யோசனை. போட்டி ரைஃபிள் அட்டையில் பத்துப் பாயின்ட் புள்ளி அரை மில்லிமீட்டர்தான், ஸ்கோப் இல்லாத திறந்த குறியில் அது கண்ணுக்கே தெரியாது, பிள்ளை வெறுத்துப்போவாள். முதலில் பிஸ்டல் அட்டை வாங்குங்கள். கறுப்பு வட்டம் 59.5 மி.மீ., பத்து 11.5 மி.மீ. கை பழகினதும் ரைஃபிள் அட்டைக்கு மாறலாம்.

ஆர்வம் நிலைத்தால் மதுரை ரைஃபிள் கிளப் உங்களுக்குப் பக்கம்தான், ஒரு நடை கூட்டிப்போய்க் காட்டுங்கள். போட்டிக்குப் போகிறவர்கள் அழுத்தக் காற்று ரைஃபிளுக்கு மாறிவிடுவார்கள், அதன் விலை லட்சங்களில், அதை இப்போது நினைக்கவே வேண்டாம். நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கோப்பையில் பெண்கள் 10 மீட்டரில் தங்கம் வாங்கினார், அந்தப் போட்டியின் வீடியோவை மகளுக்குக் காட்டுங்கள். நிற்கும் நிலை, மூச்சு, சுட்ட பிறகும் கண் குறியை விட்டு விலகாமல் இருப்பது, எல்லாம் அதில் இருக்கிறது.

தோப்புக்காரர்

எல்லோருக்கும் மிக்க நன்றி. .22ஐ விட்டுவிட்டேன், குரங்குப் பேச்சையும் விட்டுவிட்டேன், மகளும் அதைத்தான் சொன்னாள். புதுசே வாங்குவது என்று முடிவு. இன்னும் இரண்டு கேள்வி. தென்னை மரத்திலேயே அட்டையை அடித்துச் சுடலாமா? ஸ்கோப் பற்றி யாரும் சொல்லவில்லையே?

பத்து மீட்டர்

தென்னை மரம் வேண்டவே வேண்டாம். உருண்டையான, கெட்டியான மரத்தில் பட்ட குண்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது, தவறினது மரத்தைத் தாண்டிப் போகும். இந்தக் குண்டு நூறு மீட்டரைத் தாண்டியும் போகும், தோப்பில் தேங்காய் பொறுக்க யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். ஒரு முழ அகல மரப்பெட்டி செய்து, உள்ளே பழைய துணியை நன்றாக அடைத்து, பின்பக்கம் கனமான பலகையோ இரும்புத் தகடோ வைத்து, அதை மண்மேட்டுக்கோ சுவருக்கோ முன்னால் நிறுத்துங்கள். சுடுகிறவரும் பக்கத்தில் நிற்கிறவரும் கண்ணாடி போட வேண்டும். மகள் சுடும் நேரமெல்லாம் பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும், முடிந்ததும் பூட்டிவைக்க வேண்டும். ஈயக் குண்டு என்பதால் கையைக் கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது. பெட்டியில் சேரும் ஈயத்தைத் தோப்பு மண்ணில் கொட்டிவிடாதீர்கள், டப்பாவில் சேர்த்து வையுங்கள்.

ஸ்கோப் இப்போது வேண்டாம். ஸ்பிரிங் ரைஃபிள் இரண்டு பக்கமும் உதைக்கும் என்று அக்கா சொன்னாரே, சாதாரண ஸ்கோப் அந்த முன்பக்க இழுப்பைத் தாங்காது, உள்ளே கண்ணாடி கழன்று குறி நாளுக்கொரு பக்கம் போகும். தாங்குகிற ஸ்கோப்புக்கு ரைஃபிள் விலையில் பாதியாவது ஆகிவிடும். அந்தக் காசில் தட்டைத் தலைக் குண்டு இரண்டு மூன்று பிராண்டில் டப்பா டப்பாவாக வாங்குங்கள். அட்டையில் வட்டமாக, பஞ்ச் பண்ணினதுபோல் சுத்தமான ஓட்டை விழும், பாயின்ட் எண்ணச் சுலபம். எந்தக் குண்டு உங்கள் குழலுக்கு ஒத்துப்போகிறதோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள், வேறு ரைஃபிள்காரர் சொன்ன பிராண்டு உங்களுக்குச் சரிவராமல் போகலாம். புது ரைஃபிள் முதல் சில நூறு குண்டுக்குக் கொஞ்சம் சிதறித்தான் சுடும், பயப்படாதீர்கள். அதற்குள் ஸ்க்ரூக்கள் கழலும், வாரம் ஒரு முறை எல்லாவற்றையும் முடுக்கிப் பாருங்கள், முன்கட்டைப் பக்க ஸ்க்ரூவை முக்கியமாக.