அலையாத்தி நடவு, பயந்துபோன பிள்ளைகளுக்கு மருந்தாகுமா?

நெய்தல்நிலா:
2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது பள்ளியில் இருந்த பிள்ளைகள் இப்போது கல்லூரி வயதில் இருக்கிறார்கள். 2021-இல் லான்செட் பிளானட்டரி ஹெல்த் இதழில் வந்த ஆய்வு, இந்தியா உட்பட 10 நாடுகளில் 16 முதல் 25 வயதுள்ள 10,000 பேரைக் கேட்டது. காலநிலையை நினைத்து மிகவும் கவலைப்படுவதாக 59 சதவீதம் பேர் சொன்னார்கள். இவர்களுக்கு ஆறுதலைவிட வேலைதான் தேவை. கரையோர ஊர்களில் இவர்களைத் திரட்டி, உப்பங்கழிச் சேற்றில் வளரும் அலையாத்தி மரங்களை நட வைக்க வேண்டும்.

உப்பளத்தான்:
ஒரே ஞாயிற்றுக்கிழமையில் 500 கன்று நட்டுப் படம் எடுத்துவிட்டுப் போனால் அத்தனையும் பட்டுப்போகும். அதைப் பார்க்கிற பிள்ளைக்கு இருக்கிற நம்பிக்கையும் போகும். கன்று சாவதற்குக் காரணம் மண். முன்பு கூப்பு முறையில் காட்டை மொட்டையாக வெட்டினார்கள். வெயில் நேரே பட்டு மண் வறண்டு, நடுப்பகுதி தாம்பாளம்போலக் குழிந்தது. ஓதத்தில், அதாவது கடல்மட்டம் ஏறும்போது, உள்ளே வந்த தண்ணீர் வடியாமல் அங்கேயே வற்ற, உப்பு ஏறிவிட்டது. அதில் நட்டுப் பயனில்லை.

முதலில் வாய்க்கால். ஓடையிலிருந்து 45 பாகைச் சாய்வில் பெரிய வாய்க்கால், அதிலிருந்து 30 பாகையில் கிளைகள். மேலிருந்து பார்த்தால் மீன்முள்தான். பெரியது சுமார் 1 மீட்டர் ஆழம். கரை சரியாமலிருக்க மேலே அகலமாகவும் அடியில் குறுகலாகவும் வெட்ட வேண்டும். கன்றை நடுச்சரிவில் வையுங்கள். அடியில் வைத்தால் மூழ்கும், மேட்டில் வைத்தால் காயும்.

நெய்தல்நிலா:
எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் வனத்துறையோடும் ஊர்க்காரர்களோடும் செய்த முறைதானே இது? அப்படியானால் வெட்டுவதிலும் பிள்ளைகளைச் சேர்க்கலாம்.

உப்பளத்தான்:
வெட்டுவது கூலி வேலை. ஊர்க்காரர்களுக்குக் கூலி கொடுத்துச் செய்யுங்கள். பிள்ளைகளுக்கு வேறு பொறுப்பு இருக்கிறது: மாதம் ஒருமுறை உப்பளவு பார்ப்பது, உயிரோடிருக்கும் கன்றுகளை எண்ணுவது, வாய்க்கால் முகப்பில் வண்டல் சேர்ந்திருக்கிறதா என்று கவனிப்பது. முகப்பு அடைபட்டால் மறுபடி உப்புதான். வெட்டும்போதே தூர்வாரவும் பணம் ஒதுக்க வேண்டும்; பல இடங்களில் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

தென்னங்கீற்று:
இருவரும் கடலையே பார்க்கிறீர்கள். கஜாவில் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் சாய்ந்தது தென்னை. நெட்டை ரகக் கன்று காய்க்கவே 6, 7 வருடமாகும். அதுவரை வீட்டில் கடன்தான். அந்த வீட்டுப் பிள்ளையைச் சேற்றில் இறக்கினால் பயம் தீராது. மழைச் சத்தத்துக்கே நடுங்குவது, தூக்கமின்மை, சாப்பாடு இறங்காமை எல்லாம் இரண்டு வாரத்துக்குமேல் நீடித்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்குப் பேசச் சொல்லுங்கள். கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

நெய்தல்நிலா:
எண்ணைக் கொடுத்தால் மட்டும் பேசிவிடுவார்களா? நாலு பேர் சேர்ந்து கன்று எண்ணும்போதுதான் ஒருவர் வாய் திறப்பார். இரண்டும் வேண்டும்.

தென்னங்கீற்று:
சரி. ஆனால் முடியாதவர் வராமலிருக்க உரிமை உண்டு என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

உப்பளத்தான்:
நட்ட இடத்தில் வைக்கும் பலகையில் நட்ட எண்ணிக்கையை எழுதாதீர்கள். ஒரு வருடம் கழித்து, பிழைத்த எண்ணிக்கையை எழுதுங்கள்.