வவுனியாவிலிருந்து ஒரே நாளில் ஏறி இறங்க எந்த மலை?

கேள்வி: எங்கள் பக்கம் குளமும் வயலும் காடும்தான். விடிய வெளிக்கிட்டு இரவுக்குள் வீடு திரும்பக்கூடிய மலை ஏதும் இருக்கிறதா? அம்மாவும் வருவா.

பதில் 1: அம்மா வருகிறா என்றால் அனுராதபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பௌத்தப் புனித மலை மிகிந்தலைதான் சரி. 1840 படி என்று பயப்படவேண்டாம், படிகள் அகலமானவை, பாதித் தூரம் வாகனத்திலேயே போகலாம். மேலே செருப்பைக் கழற்றவேண்டும், பத்து மணிக்குப் பிறகு பாறை உள்ளங்காலைச் சுட்டுவிடும், அதனால் வெள்ளென ஏறுங்கள்.

பதில் 2: என் விருப்பம் ஹபரணைப் பக்கம் இருக்கிற ரிட்டிகல மலை. உயரம் 766 மீற்றர். சுற்றிலும் காய்ந்த நிலம், உள்ளே போனால் குளிர்ந்த காடு, பழைய பௌத்த மடத்தின் இடிபாடுகளுக்கு நடுவே வேர் பின்னிய கற்பாதை. இயற்கை ஒதுக்கிடம் என்பதால் உச்சிக்கு விடமாட்டார்கள். மாரியில் அட்டை கடிக்கும். ஹபரணைப் பக்கம் யானை றோட்டுக்கு வரும், இருட்டமுதல் திரும்பிவிடுங்கள்.

கேட்டவர்: நன்றி அண்ணை. அம்மாவோடு மிகிந்தலை, அப்புறம் பெடியளோடு ரிட்டிகல.