புளியங்கொட்டைக் கணக்கு: காயத்துக்குப் பின் நடைக்குத் திரும்பிய அனுபவங்கள்

மயிலாப்பூர், ஆசிரியை

காயம் ஆறிய பிறகும் உடற்பயிற்சிக்குத் திரும்ப மனம் வராமல் தவிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு வயது நாற்பத்தாறு. மேல்நிலைப் பள்ளி ஒன்றில் வேதியியல் கற்பிக்கிறேன். 2022 ஆகஸ்டில் இறகுப்பந்து ஆடிக்கொண்டிருந்தபோது, பின்பக்கம் போன பந்தை எடுக்கச் சட்டென்று திரும்பினேன். இடது முட்டிக்குள் ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டது. இரவுக்குள் முட்டி வீங்கிவிட்டது. முதலில் பார்த்த மருத்துவர் சுளுக்கு என்று சொல்லிக் கட்டுப்போட்டு அனுப்பினார். வீட்டில் எண்ணெய் தடவி நீவிவிட்டார்கள். வீக்கம் வடிந்ததும் சரியாகிவிட்டது என்று நம்பிப் பள்ளிக்குப் போய்வந்தேன். படி இறங்கும்போது முட்டி தானாக விலகுவது போல் இரண்டு முறை நேர்ந்த பின்னர்தான் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். நம் ஊரில் பொதுவாக ஜவ்வு என்று சொல்கிறோமே, அதில் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முட்டிக்குள் பிணைத்து நிறுத்தும் முன் சிலுவைத் தசைநார் (ஏ.சி.எல்.) முழுவதும் கிழிந்திருந்தது. திரும்பும் வேகத்தில் அப்படியொரு சத்தமும், சில மணி நேரத்துக்குள் வீக்கமும் சேர்ந்து வந்தால், தயவுசெய்து நீவிவிடாமல் எலும்பு மூட்டு மருத்துவரிடம் போங்கள். நான் இழந்த இரண்டு மாதங்களை வேறு யாரும் இழக்க வேண்டாம்.

அக்டோபரில் அறுவைச் சிகிச்சை நடந்தது. தொடையின் பின்பக்கத்திலிருந்து எடுத்த தசைநாணை, அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நாணை, கிழிந்த இடத்தில் பொருத்தினார்கள். பொருத்திய நாண் அன்றே தசைநார் ஆகிவிடுவதில்லை. அதற்குள் புதிய ரத்தக் குழாய்கள் வளர்ந்து, அது மெல்ல மெல்ல உருமாற வேண்டும். இரண்டாவது, மூன்றாவது மாதங்களில், நமக்கு வலி குறைந்து நடை சீராகும் அதே காலத்தில்தான், அது மிகவும் பலவீனமாக இருக்கும் என்று பிசியோ (இயன்முறை மருத்துவர்) விளக்கினார். ஓடித் திரும்பும் ஆட்டங்களுக்கு ஒன்பது மாதம் முடியும் முன் போகக் கூடாது என்று பொதுவாகச் சொல்வதற்குக் காரணம் இதுவே. நான் வாக்கரை விட்டுவிட்டு முட்டிப் பட்டையோடு நடந்துகொண்டிருந்த 2022 டிசம்பர் இறுதியில் கிரிக்கெட் வீரர் ரிஷப் பந்த் கார் விபத்தில் சிக்கி முட்டியின் தசைநார்கள் கிழிந்த செய்தி வந்தது. அவர் மீண்டும் களமிறங்கியது 2024 மார்ச்சில். முழு நேரமும் மருத்துவர்களும் பயிற்சியாளர்களும் சூழ்ந்திருந்த இளைஞருக்கே பதினைந்து மாதங்கள் ஆயின என்பதை நான் பல முறை எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஆனால் என்னைத் தளர்த்தியது வலி அன்று. கையில் கட்டியிருந்த கடிகாரம்தான். காயத்துக்கு முன் பத்து கிலோமீட்டரை அறுபத்தெட்டு நிமிடங்களில் ஓடியிருந்தேன். கடிகாரமும் அதனோடு இணைந்த செயலியும் ஒவ்வொரு நாளும் அந்தப் பழைய கணக்கையும் இன்றைய கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டின. தொடைத் தசை வேறு கண்ணுக்குத் தெரியும்படி மெலிந்துவிட்டது. தையல் டேப்பால் முட்டிச் சில்லுக்குப் பத்து சென்டிமீட்டர் மேலே அளந்தபோது இடது தொடை வலது தொடையைவிட மூன்று சென்டிமீட்டர் குறைவாக இருந்தது. முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து அழுத்தி, பத்து எண்ணும் வரை நிறுத்தும் எளிய பயிற்சியைக்கூட, இதனால் என்ன ஆகப் போகிறது என்று ஏப்ரல் மாதத்தில் நிறுத்திவிட்டேன். பிசியோவிடம் செய்வதாகச் சொல்லிவிட்டுச் செய்யாமல் இருந்தேன். அந்த ஒரு மாதத்தைத்தான் இந்தக் கதையில் மிகக் கடினமான காலம் என்பேன். அறுவைச் சிகிச்சை நடந்த வாரம்கூட அப்படி இல்லை.

2023 மே, அக்னி நட்சத்திர நாட்கள். ஐந்தரை மணிக்கே கழுத்தில் வியர்வை வழியும் சென்னைப் புழுக்கத்தில், வீட்டாரின் வற்புறுத்தலுக்காக லஸ் நாகேஸ்வரராவ் பூங்காவுக்குப் போனேன். (வலி தைலமான அமிர்தாஞ்சனத்தை 1893-இல் தொடங்கியவரின் பெயர் தாங்கிய பூங்கா அது என்பதை அறிந்தபோது, வலியோடு நடப்பவர்களுக்கு உரிய இடத்துக்குத்தான் வந்திருக்கிறேன் என்று மனம் நெகிழ்ந்தது.) அங்கே எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள், கையில் ஊன்றுகோலுடன், இடுப்பில் சுருக்குப்பை செருகிக்கொண்டு நடப்பார். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் நின்று, பையிலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்து முந்தானையில் முடிந்துகொள்வார். நான்காம் நாள் அவரருகே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். இடுப்பெலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் என்று தெரிந்தது. தினமும் எட்டுக் கொட்டையோடு வருவாராம்; எட்டும் முந்தானைக்குப் போன நாட்கள் மிகக் குறைவாம். மீதி இருந்தால் வருத்தமாக இராதா என்று கேட்டதற்கு, “மீதி நாளைக்கு ஆச்சும்மா. கொட்டை என்ன கெட்டா போகும்?” என்றார்.

அன்று கடிகாரத்தைக் கழற்றி அலமாரியில் வைத்தேன். நானும் சுற்றுக்கு ஒரு கொட்டை என்று எண்ணத் தொடங்கினேன். மூன்று மாதம் எடுக்கவில்லை. பழைய ஓட்டக்காரியின் கணக்கு இல்லாத நாளில் மூன்று சுற்று நடந்தால் அது மூன்று சுற்றாகவே இருந்தது. அதற்குமுன் அதே மூன்று சுற்று, வராமல் போன ஏழு சுற்றாகத்தான் எனக்குத் தெரிந்தது. பிசியோ ஏற்கெனவே சொல்லியிருந்த ஓர் அளவுகோலும் அப்போதுதான் பயன்பட்டது. பயிற்சியின்போது வரும் வலி பத்துக்கு மூன்றைத் தாண்டக் கூடாது. மறுநாள் காலை எழுந்து பார்க்கும்போது முட்டியில் புதிய வீக்கமோ இறுக்கமோ இருக்கக் கூடாது. இருந்தால் முந்தைய நாளின் அளவுக்குத் திரும்ப வேண்டும், முழுவதும் நிறுத்த வேண்டியதில்லை. காலையில் இரண்டு முட்டிகள் மீதும் உள்ளங்கையை வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது பல் துலக்குவதைப் போலப் பழகிவிட்டது. துண்டுப் பயிற்சியை அடுப்படியில், குக்கர் மூன்று விசில் விடும் நேரத்துக்கென்று ஒதுக்கிக்கொண்டேன். பள்ளியில் ஆய்வகம் மூன்றாம் மாடியில் இருப்பதைச் சாபமாக நினைத்தவள், வாரத்துக்கு ஒரு மாடி கூடுதலாக ஏறினேன்.

ஓட்டத்தை இலக்காக வைத்துக்கொள்ளவும் இல்லை. மார்கழியில் வாசலில் குந்தி உட்கார்ந்து புள்ளிக் கோலம் போட வேண்டும் என்பதுதான் என் இலக்கு. முட்டியை முழுவதும் மடக்கிக் குத்துக்காலிட்டு உட்காருவதற்கு மருத்துவரும் பிசியோவும் அனுமதிக்க நாளானது. நாற்காலியின் உயரத்தைப் பலகை அடுக்கிச் சிறிது சிறிதாகக் குறைத்துப் பழகினேன். 2023 நவம்பரில் அரசின் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்துக்காகப் பெசன்ட் நகரில் அமைத்த எட்டு கிலோமீட்டர் பாதையை, இரண்டு இடங்களில் உட்கார்ந்து ஓய்வெடுத்து முடித்தேன். அடுத்த மாதமே மிக்ஜாம் புயல் வந்தது. தெருவில் தண்ணீர் நின்றது, பள்ளி மூடியிருந்தது, பத்து நாட்கள் எதுவும் செய்யவில்லை. பழைய தளர்ச்சி அப்படியே திரும்பி வந்ததை உணர்ந்தேன். அறுவைச் சிகிச்சைக்குப் பின் திரும்பியதைவிட இந்தச் சிறிய இடைவெளிக்குப் பின் திரும்பியதுதான் எனக்குக் கடினமாக இருந்தது என்றால் நம்புவீர்களா? மீண்டும் இரண்டு கொட்டையிலிருந்து தொடங்கினேன். மார்கழி பாதி போனபின், ஏழு புள்ளியில் சின்னதாக ஒரு கோலம் போட்டேன்.

பெரம்பூர், ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநர்

ஆசிரியை அம்மா எழுதியதைப் படித்தபோது என் பன்னிரண்டு வாரங்கள் நினைவுக்கு வந்தன. முப்பது ஆண்டுகள் பேருந்தில் நின்றே வேலை பார்த்தவன். ஓய்வு பெற்றதும் உற்சாகத்தில் முதல் வாரமே தினம் பத்து கிலோமீட்டர் நடந்தேன். இரண்டு மாதத்தில் குதிகாலுக்கு மேலே உள்ள தடித்த நாண் வீங்கி, காலையில் முதல் பத்து அடி வைப்பதே வேதனையாகிவிட்டது. ஓய்வெடுத்தால் குறையும், நடந்தால் திரும்பும். இப்படியே ஓராண்டு போயிற்று.

பிறகு ஒரு பிசியோ, சுவீடன் மருத்துவர் ஆல்ஃப்ரெட்சன் 1998-இல் வெளியிட்ட முறையைக் கற்றுக்கொடுத்தார். படிக்கட்டின் விளிம்பில் முன்பாதம் மட்டும் படும்படி நின்று, நல்ல காலால் உயர்ந்து, வலிக்கும் காலால் மட்டும் குதிகாலை மெதுவாகப் படிக்குக் கீழே இறக்க வேண்டும். முட்டியை நீட்டி 15 முறை வீதம் மூன்று தடவை, முட்டியைச் சற்று மடக்கி அதே போல் மூன்று தடவை, காலை மாலை இரு வேளையும். ஒரு நாளைக்கு 180, இப்படிப் பன்னிரண்டு வாரங்கள். ஆல்ஃப்ரெட்சனுக்கே அந்த வலி இருந்தது என்று கேள்விப்பட்டபோது, அனுபவித்தவர் சொல்கிறார் என்ற நம்பிக்கை பிறந்தது.

முதல் மூன்று வாரங்கள் வலி குறையவே இல்லை, கூடியதாகக்கூடத் தோன்றியது. இந்தக் கட்டத்தில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள் என்று பிசியோ முன்பே சொல்லியிராவிட்டால் நானும் விட்டிருப்பேன். 180 முடித்த நாளில் மட்டும் தினசரி காலண்டரில் கிழித்த தாளை என் பேத்தி ஒரு ஊசிநூலில் கோப்பாள். முடிக்காத நாளின் தாள் குப்பைக்குப் போகும். எண்பத்து நான்கு நாட்களில் எழுபத்தொரு தாள் சேர்ந்தது. காரணங்களைப் பற்றி அந்தக் குழந்தை ஒரு நாளும் கேட்டதில்லை, தாளைத்தான் கேட்பாள். அவளிடம் வெறுங்கையோடு நிற்க எனக்கு மனம் வரவில்லை. ஏழாவது வாரத்தில் ஒரு காலை, கழிவறைக்குப் போய்த் திரும்பிய பிறகுதான் வலிக்கவில்லை என்பதையே கவனித்தேன்.

ஆசிரியை அம்மாவிடம் ஒரு கேள்வி. மெரினாவில் மணலில் நடந்தால் காலுக்கு நல்லது என்று நண்பர்கள் அழைக்கிறார்கள். போகலாமா?

துரைப்பாக்கம், மென்பொருள் ஊழியர்

எனக்குத் தோள்பட்டை இறங்கியது. வலது கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது மறுபடியும் கழன்றுவிடுமோ என்ற பயம், மூட்டு உறுதியான பிறகும் மாதக்கணக்கில் நீடித்தது. மேலே இருவருக்கும் கணக்கு வைத்தது உதவியிருக்கிறது, எனக்கு உதவவில்லை. எண்ணத் தொடங்கினால் பயத்தையும் சேர்த்தே எண்ணினேன். உடற்பயிற்சிக் கூடத்தில் என்னைவிட மூத்த ஒருவர், நான் எடை தூக்கும் ஒவ்வொரு முறையும் பின்னால் வந்து முழங்கைக்கு அடியில் கையை ஏந்தியபடி நின்றார்; தொடவில்லை, பேசவும் இல்லை. ஆறு வாரம் அப்படி நின்றார். ஏழாவது வாரம் அவர் வரத் தாமதமான ஒரு நாளில், காத்திராமல் நானே தூக்கிவிட்டேன்.

மயிலாப்பூர், ஆசிரியை

பெரம்பூர் ஐயாவுக்கு: நான் மருத்துவர் இல்லை என்பதால் உங்கள் பிசியோவிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். எனக்குச் சொல்லித் தந்ததை எழுதுகிறேன். உலர்ந்த மணலில் குதிகால் ஆழமாகப் புதைவதால் கெண்டைக்கால் தசையும் உங்களுக்கு வலித்த அதே நாணும் கூடுதலாக இழுபடும். அண்மையில் ஆறிய காலுக்கு அது பெரிய சுமை. அலை நனைத்து இறுகிய ஈரமணல் பரவாயில்லை, ஆனால் அது கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் ஒரு கால் எப்போதும் தாழ்வாக ஊன்றும். கலங்கரை விளக்கத்திலிருந்து நேப்பியர் பாலம் வரை மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல் சமமான நடைபாதையே இருக்கிறது; நண்பர்களை அங்கே அழைத்துச் செல்லுங்கள். மணலில் கால் வைத்தே ஆக வேண்டும் என்றால், முதல் நாள் செருப்பைக் கழற்றாமல் ஐந்து நிமிடம் மட்டும் நடந்துவிட்டு, மறுநாள் காலை முதல் பத்து அடி எப்படி இருந்தது என்று இங்கே எழுதுங்கள்.